வாக்கும் விருப்பமும்



கொல்கத்தாவின் தென்மேற்கில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் பகுதி பெஹாலா. அங்கே வங்காளிகள் நடுவே வாழும் தமிழ்க் குடும்பங்களில் நம்முடையதும் ஒன்று. 2010ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடியரசு நாள் என்பதால் அலுவலகத்துக்கு விடுமுறை. தெருமுனைச் சங்கத்தில் கொடியேற்றிக் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கினர். ஒன்பது நாட்களுக்கு முன் ஜோதி பாசு காலமாகியிருந்ததால் தேநீர்க் கடைகளில் பேச்செல்லாம் அவரைப் பற்றியதாகவே இருந்தது. அதே நாளில், கடலுக்கு அப்பால் இலங்கையில், உள்நாட்டுப் போர் முடிந்தபின் நடைபெறும் முதல் ஜனாதிபதித் தேர்தலின் வாக்குப் பதிவு நடந்து கொண்டிருந்தது.

நம் தெருவில் அப்போது யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் மகள் வீட்டில் தங்கியிருந்தார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து செய்தித்தாளைப் படித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். வாக்குப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு வந்தவர், செய்தித்தாளைத் தொடவில்லை. தென்மராட்சியில் தனித்து வாழும் தம் தங்கை தொலைபேசியில் பேசியதைச் சொன்னார். யாருக்கு வாக்களிப்பது என்பதே தங்கையின் கேள்வி. கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. "அண்ணை, ஆருக்குப் போட்டாலென்ன, எங்கட வீட்டுக்குக் கூரை வருமோ?" 2000ஆம் ஆண்டுப் போரில் கூரை இழந்த வீடு அது.

"நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல, தம்பி?" என்று பெரியவர் நம்மைக் கேட்டார். நாமோ மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் கூறியதை இன்னொரு மொழியில் கூறுவது நம் தொழில். அன்று அந்தக் கேள்விக்கு எந்த மொழியிலும் நம்மிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பேச்சு, அன்று கூற இயலாத பதிலைத் தேடும் முயற்சியே ஆகும்.

அந்தத் தேர்தலில் 22 பேர் வேட்பாளர்களாக நின்றனர். எனினும் போட்டி இருவருக்கிடையே தான். ஒருவர் பதவியிலிருந்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, வெற்றிலைச் சின்னம். மற்றவர் அவருக்குக் கீழ் இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. அன்னப் பறவைச் சின்னம். 1983இல் தொடங்கி 26 ஆண்டுகள் நீடித்த போர் 2009 மே மாதம் முடிந்தபோது இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். ஆறு மாதங்களுக்குள், அந்த வெற்றி யாருடையது என்ற வழக்கில் இருவரும் எதிரிகள் ஆனார்கள். 2009 நவம்பரில் பொன்சேகா பதவி விலகினார். தம் பதவிக் காலம் முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே ராஜபக்ச தேர்தலை வரவழைத்தார்.

பொன்சேகாவின் பின்னால் கூடியவர்களைப் பார்த்தால் வியப்பு உண்டாகும். ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சி ஒரு பக்கம். அதற்குக் கொள்கையில் நேர் எதிரான ஜனதா விமுக்தி பெரமுன மறுபக்கம். இரண்டாயிரத்துப் பத்து ஜனவரியில், இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரை ஆதரிப்பதாக அறிவித்தது. அக்கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சிவாஜிலிங்கம் இதை ஏற்காது தாமே வேட்பாளராக நின்றார்.

இங்கே தான் தென்மராட்சித் தங்கையின் சங்கடம் விளங்குகிறது. போரில் தோற்றது ஓர் இயக்கம். துயருற்றவர்களோ ஒரு நிலப்பரப்பின் மக்கள். போரின் இறுதிக் கட்டத்தில் உயிரிழந்த பொதுமக்களின் தொகை 40,000 வரை இருக்கக் கூடும் என்று ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது. இலங்கை அரசு அதனை ஏற்கவில்லை. முடிவான கணக்கு இன்றளவும் இல்லை. வவுனியாவை அடுத்த செட்டிகுளம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். 2009 டிசம்பர் முதல் நாளிலிருந்து தான் அவர்கள் வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தது. இத்தகைய மக்களிடம் வந்து, போருக்கு ஆணையிட்டவரும், போரை நடத்தியவரும் கைகூப்பி வாக்குக் கேட்டார்கள்.

பிற நாடுகளில் இதற்கு ஒப்புமை உண்டா என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. முடிந்தபின் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தல் 1868இல். வென்ற படையின் தளபதி யுலிசிஸ் கிராண்ட் ஒருபுறம். நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஹொரேஷியோ சீமோர் மறுபுறம். கிராண்ட் வென்றார். தோற்ற தென் மாநிலங்களில் விர்ஜீனியா, மிசிசிப்பி, டெக்சாஸ் ஆகிய மூன்றும் அத்தேர்தலில் பங்கு பெறவே இல்லை. அவை மீண்டும் ஒன்றியத்தில் சேர்க்கப்படாமல் இருந்தன. மற்றத் தென் மாநிலங்களில், நேற்றுவரை அடிமைகளாயிருந்த கறுப்பின ஆண்கள் இலட்சக்கணக்கில் முதன்முறையாக வாக்களித்தார்கள். அவர்களுக்குத் தேர்வு கடினமாக இருக்கவில்லை. தளை அறுத்த படையின் தளபதியே எதிரில் நின்றார்.

இன்னோர் உதாரணம் நமக்கு மிகவும் அருகிலேயே இருக்கிறது. 1971இல் கிழக்கு வங்காளத்தில் நடந்ததைப் பாகிஸ்தான் அரசு உள்நாட்டுக் கலகம் என்றது. வங்காளிகள் விடுதலைப் போர் என்றார்கள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பெயர். எந்தப் பெயரை எழுதுகிறோமோ அந்தப் பக்கத்தில் நாம் நிற்பதாக ஆகிவிடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிவர். அப்போரின்போது வங்காள தேசத்தின் தற்காலிக அரசு நம் கொல்கத்தாவில், தியேட்டர் சாலை 8ஆம் எண் மாளிகையிலிருந்து இயங்கியது. இன்று அச்சாலைக்கு ஷேக்ஸ்பியர் சரணி என்று பெயர். முக்தி வாஹினியின் தலைமைத் தளபதி உஸ்மானி. அவருக்குக் கீழ்ப்பட்ட பிரிவுத் தளபதிகளுள் ஒருவர் ஜியாவுர் ரஹ்மான். சிட்டகாங்கை அடுத்த காலூர்காட் வானொலியில் சுதந்திர அறிவிப்பைப் படித்தவர். 1978 ஜூன் 3ஆம் நாள் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் இவ்விருவருமே எதிரெதிராக நின்றனர். ஜியாவுர் ரஹ்மான் நூற்றுக்கு 76க்கு மேற்பட்ட வாக்குகளுடன் வென்றார். மூன்றாண்டுகள் கூடக் கழியவில்லை. 1981 மே 30 அன்று அதே சிட்டகாங்கில் படையினர் சிலரால் கொல்லப்பட்டார்.

எதிர்வீட்டு வங்காள நண்பர் ஒருவர் இதைப் பற்றி ஒருமுறை நம்மிடம் கூறினார். அவர் குடும்பம் பரிசாலிலிருந்து அகதியாக வந்து பெஹாலாவில் குடியேறியது. "எங்கள் உறவினர்கள் அங்கே வாக்களித்தபோது, இருவரில் யார் வென்றாலும் தம் பக்கத்து வீரர் வென்றார் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது," என்றார். தென்மராட்சித் தங்கைக்கு அந்த ஆறுதல் கிடையாது. கறுப்பின மக்களுக்கு இருந்த தெளிவும் கிடையாது. இலங்கைத் தேர்தலின் தனித்தன்மை இது: வேட்பாளர் இருவரும் வென்ற பக்கத்தவர், வாக்குக் கேட்கப்பட்டதோ வெற்றி விழாவில் கலந்துகொள்ள இயலாதவரிடத்தும்.

அவ்வாரம் நாம் அகராதிகளைப் புரட்டினோம். பதில் தெரியாதபோது மொழிபெயர்ப்பாளர் செய்யக் கூடியது அதுவே. சிங்களத்தில் வாக்கைக் குறிக்கும் சொல் 'சந்தய' என்பது. விருப்பம் என்னும் பொருளுள்ள வடசொல்லிலும் பாளியிலும் வேர் கொண்டது. ஆங்கிலத்து 'வோட்' என்ற சொல்லும் வேண்டுதல், நேர்த்தி என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. ஆக, அம்மொழிகளில் வாக்களிப்பவர் தம் விருப்பத்தைக் கூறுகிறார்.

தமிழில் அப்படி இல்லை. வேட்கை என்ற சொல்லோடு உறவுடையது 'வேட்பாளர்'. நம் பழைய பத்திரிகைகள் 'அபேட்சகர்' என்று எழுதின. சிங்களத்திலும் அதே வேரிலிருந்து வந்த சொல்லே வழங்குகிறது. அதாவது, தமிழில் விரும்புகிறவர் பதவி நாடி வருபவர். வாக்களிப்பவர் அளிப்பது விருப்பம் அன்று, வாக்கு. வாக்கு என்றால் சொல். சாட்சி கூறுவதும் வாக்குமூலமே. விருப்பம் இல்லாதவருக்கும் வாக்கு உண்டு. இருவரில் ஒருவரையும் விரும்பாத மனிதருக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கலாம்.

இவ்வளவும் நமக்குப் புலப்பட்டபோது வாக்குப் பதிவு முடிந்துவிட்டது. முடிவுகளைக் கேளுங்கள்.

ராஜபக்ச 60 இலட்சத்துக்குச் சற்று அதிகமான வாக்குகள் பெற்றார், நூற்றுக்கு 57.88. பொன்சேகா ஏறத்தாழ 41 இலட்சத்து 73 ஆயிரம், நூற்றுக்கு 40.15. மொத்தமுள்ள 22 தேர்தல் மாவட்டங்களில் 16ஐ ராஜபக்ச கைப்பற்றினார். யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, திகாமடுல்ல, நுவரெலியா ஆகிய ஆறு மாவட்டங்கள் பொன்சேகாவின் பக்கம் நின்றன. தமிழரும் முஸ்லிம்களும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் செறிந்து வாழும் இடங்கள் அவை. தனித்து நின்ற சிவாஜிலிங்கம் பத்தாயிரம் வாக்குக்கூடப் பெறவில்லை.

யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் அளவில் பொன்சேகாவை ஆதரித்தனர் என்பது ஒரு செய்தி. அதைவிடப் பெரிய செய்தி வேறு. அம்மாவட்டத்தில் பட்டியலில் உள்ளவர்களில் நூற்றுக்கு 26 பேர் அளவிலேயே வாக்களித்தார்கள். நாடு முழுவதற்கும் அது 74 சதவிகிதத்துக்கு மேல். வராதவர்கள் அனைவரும் வெறுப்பினால் வராதவர்கள் அல்லர். பட்டியலில் இருந்த பெயர்களில் பல, இடம் பெயர்ந்தவர்களுடையவை, கடல் கடந்து போனவர்களுடையவை, இறந்தவர்களுடையவை.

இதற்கு முந்திய தேர்தலையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். 2005 நவம்பரில் ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை ஒரு இலட்சத்து 81 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகளால் வென்றார். அத்தேர்தலை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் செல்வாக்கிலும் இருந்த பகுதிகள் புறக்கணித்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவரைச் சற்று மிஞ்சிய அளவிலேயே வாக்களித்தனர். அந்த மௌனமும் ஒரு முடிவைத் தீர்மானித்தது. வாக்குச் சாவடிக்குப் போகாதிருப்பதால் தேர்தலிலிருந்து விலகி நிற்க முடிவதில்லை.

முடிவு வந்த மறுநாள் தங்கை தொலைபேசியில் பேசினார். பெரியவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து நமக்குப் படித்துக் காட்டினார். தங்கை காலையிலேயே நடந்து போய் வாக்களித்துவிட்டாராம். யாருக்கு என்று அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் கூறியது இவ்வளவே: "ஆரையும் பிடிச்சுப் போடேல்லை, அண்ணை. எங்கட பக்கத்து லிஸ்டில செத்தவையின்ர பேரும் போனவையின்ர பேருந்தான் கனக்க. நான் இன்னும் இஞ்சதான் இருக்கிறன் எண்டு அவைக்குத் தெரியவேணும்."

நாம் அகராதியில் தேடியதை அந்த அம்மையார் நடந்து போய்க் கண்டுகொண்டார். நாம் மொழிபெயர்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அவ்வாக்கு உடனே பயன் தந்ததா என்றால், தரவில்லை. தோல்வியுற்ற பொன்சேகா 2010 பிப்ரவரி 8 அன்று கைது செய்யப்பட்டு இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். 2012 மே மாதம் வரை சிறையில் இருந்தார். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதி ஆகக் கூடாது என்ற விதி 2010 செப்டம்பரில் 18ஆவது திருத்தத்தினால் நீக்கப்பட்டது. வென்றவர் கை ஓங்கிற்று. தோற்றவரை ஆதரித்தவர்கள் குரல் தாழ்ந்தது.

ஆயினும் எண்ணிக்கை மறைவதில்லை. 2013 செப்டம்பரில் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐப் பெற்றது, க. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனார். 2015 ஜனவரி 8ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தார் மூவரில் இருவர் என்ற அளவில் வாக்களித்தனர். ராஜபக்சவின் அமைச்சரவையிலிருந்து வெளியேறி எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேன ஏறத்தாழ நாலரை இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வடக்கும் கிழக்கும் ஒதுங்கியிருந்தால் அந்த வெற்றி கிட்டியிராது. சிறிசேனவும் போரோடு தொடர்பற்றவர் அல்லர். போரின் இறுதி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்ததைத் தாமே கூறியவர். தமிழர் மீண்டும் விருப்பத்தினால் அன்று, கணக்கினால் வாக்களித்தார்கள். பொன்சேகாவுக்கும் அந்த மாதமே மன்னிப்புக் கிட்டியது; மார்ச் மாதத்தில் பீல்ட் மார்ஷல் பட்டமும் கிடைத்தது.

இன்னும் ஒரு செய்தி சிந்தனைக்கு உரியது. 2010இல் பொன்சேகாவை ஆதரித்த ஜனதா விமுக்தி பெரமுன, 1971இலும், 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் ஏந்தி எழுந்து இரண்டு முறையும் நசுக்கப்பட்ட கட்சி. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதற் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமையால், வாக்காளர் இரண்டாவதாகக் குறித்த விருப்பங்களும் அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக எண்ணப்பட்டன. துப்பாக்கியால் இரண்டு முறை தோற்றவர்கள் வாக்குச் சீட்டினால் அரியணை ஏறினார்கள். அதே தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குகள் பெற்றார். வெல்வதற்காக அன்று, தம் சொல்லைத் தனியே பதிவு செய்வதற்காகவே அவர்கள் அதை அளித்தார்கள். அது சரியா, தவறா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அத்தீர்ப்பைக் கூறும் உரிமை அங்கே வாழ்பவர்களுடையது. பெஹாலாவில் அமர்ந்திருக்கும் நம்முடையது அன்று.

ஆனால் நம்மைப் பற்றி நாம் கூறிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த அம்மையாரின் சொற்களைப் பெரியவர் படித்துக் காட்டிய மாலையில், "உங்களுக்கு வாக்கு எங்கே, தம்பி?" என்று தற்செயலாகக் கேட்டார். நமக்கு முகம் சுண்டிவிட்டது. பெஹாலாவுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் நம் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருந்தது. தேர்தலுக்கு ஊர் போக விடுமுறை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இரண்டு நாள் இரயில் பயணத்துக்கு மனம் வருவதில்லை. இங்கே பெயர் சேர்க்கவும் மனம் ஒப்பவில்லை. ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் ஊருக்கும் நமக்கும் உள்ள கடைசி நூலும் அறுந்துபோகும் என்று ஒரு பேதைமை. குண்டு மழையில் கூரை இழந்தவர் நடந்து சென்று தம் இருப்பைப் பதிந்தார். கூரையும் சம்பளமும் உள்ள நாம், எந்த ஊரிலும் இல்லாதவர்களாக இருந்தோம். தென்மராட்சிப் பட்டியலில் இருந்த 'போனவர்' பெயர்களுக்கும் நம் பெயருக்கும் என்ன வேறுபாடு?

நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் தாம் வழக்கமாக வசிக்கும் தொகுதியில், அந்த ஒரு தொகுதியில் மட்டுமே, வாக்காளராக இருக்கலாம். அவ்வாண்டே பெஹாலாவில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். 2011ஆம் ஆண்டு மேற்கு வங்காளச் சட்டமன்றத் தேர்தலில் நம் தெருவுக்கு அடுத்த பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று முதன்முறையாக இங்கே வாக்களித்தோம். முன்னால் நின்ற எதிர்வீட்டு நண்பர் திரும்பிப் பார்த்து, "இப்போதுதான் நீங்கள் எங்கள் பாராவைச் சேர்ந்தவர்," என்றார். பாரா என்றால் வங்காளத்தில் தெருவும் அதன் சுற்றமும். ஊரின் நூல் அறுந்துபோகவில்லை. பொங்கலுக்கு ஊரிலிருந்து வரும் கடிதமும் நிற்கவில்லை.

டெல்லியிலும் மும்பையிலும் அகமதாபாதிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களுள் பலர் இன்னும் நாம் இருந்த நிலையிலேயே இருக்கக் கூடும். வேட்பாளர்களில் யாரையும் பிடிக்கவில்லை, இந்த ஊர் அரசியல் நமக்கு எதற்கு, நம் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும் என்று கூறுகிறோம். இம்மூன்று சொற்களையும் கூறுவதற்கு நம்மைவிட ஆயிரம் மடங்கு நியாயம் உடையவராயிருந்தும், அவற்றைக் கூறாமல் காலையில் எழுந்து நடந்த ஒருவரைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம்.

பெரியவர் சில ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பினார். தங்கையின் வீட்டுக்குக் கூரை வந்துவிட்டதாக 2013இல் ஒரு கடிதம் எழுதியிருந்தார். எந்த வாக்கினால் வந்தது என்று அவர் கணக்குப் போடவில்லை. பழைய கணித ஆசிரியர் அப்படி விட்டது நமக்கு முதலில் வியப்பாக இருந்தது. கூரைக்காக அந்த வாக்கு அளிக்கப்படவில்லை என்பது பிறகுதான் நமக்கு நினைவுக்கு வந்தது.